கிளட்ச் மேல் இருந்த என் கால்

கார் சீட்டுக்கு உறை தைப்பதுதான் என் பிழைப்பு. முதலில் தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தேன், பிறகு வல்லம் வடகாலில் சீட்டு உறை. இரண்டும் சேர்த்தால் இருபது வருடம் ஆகிறது. நான் தைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ பேர் எங்கெங்கோ போயிருப்பார்கள். நான் ஸ்டியரிங் பிடித்தது நாற்பத்தோராவது வயதில். அதுவும் ஆசைப்பட்டுப் பிடிக்கவில்லை, வேறு வழி இல்லாமல் பிடித்தேன்.

என் வீட்டுக்காரர் டிரைவர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அதிகாரிகளைக் காலையில் ஏற்றிவந்து மாலையில் இறக்கிவிடுவார், சொந்தக் காரில். அந்த வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் இன்னும் பத்து கிலோ கூடியிருப்பேன். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் மற்ற டிரைவர்கள் யாராவது கிளட்ச் போய்விட்டது, பிளேட் மாற்ற வேண்டும் என்று புலம்பினால் போதும், இவருக்கு உள்ளுக்குள் குஷி கிளம்பிவிடும்.

"ஒரு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிகீது. வண்டி வாங்கும்போது இருந்த அதே கிளட்ச்சு. இன்னும் வெண்ண மாதிரி போவுது" என்று ஆரம்பிப்பார். கல்யாணப் பந்தியில்கூட இந்தப் பேச்சு வரும். பக்கத்து இலைக்காரர் பாயசம் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், இவர் கிளட்ச்சை விடமாட்டார். நான் எதிர் வரிசையிலிருந்து கண்ணால் மிரட்டுவேன். அதையும் கவனிக்கமாட்டார்.

இப்படி இருந்த மனுஷர் போன வருடம் படப்பையிலிருந்து டூவீலரில் வரும்போது, கன்டெய்னர் லாரி ஒன்று திடீரென்று ஓரம் கட்ட, ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தார். இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் நான் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "சார், கிளட்ச் மிதிக்க முடியுமா?" என்பதுதான். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், என்னைக் கேட்கவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு, "முதல்ல நடங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விட்டார்.

அந்தக் கேள்வி அடுத்த எட்டு மாதமும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இவருக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்று அவர் தம்பி வந்து சொன்னபோது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கு என்று யோசனை சொன்னவர்கள் நிறைய. வாங்கித் தருகிறேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. ஆக, அந்த இடது கால் கிளட்ச்சை மிதித்தால் இவர் பழைய மனுஷர். மிதிக்காவிட்டால் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கார் வாசலில் நின்றுகொண்டே இருந்தது. மேலே தூசி, கீழே நாய். ஓட்டாமல் வைத்தால் பேட்டரி போய்விடும், டயர் போய்விடும் என்று படுக்கையிலிருந்தே புலம்புவார். தாம்பரத்துக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கும் அவரைக் கூட்டிப் போக வேண்டும். ஒரு நாள் கோபத்தில், "நானே ஓட்றேன், நீ கம்னு இரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை. படப்பையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொடுத்தவர் பக்கத்து சீட்டில் இருந்தபடியே தன் பக்கம் இருந்த இன்னொரு கிளட்ச்சைத் தானே மிதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் ஏதோ பிறவி டிரைவர் என்று நினைத்துக்கொண்டு லைசென்ஸோடு வெளியே வந்தேன்.

இங்கே என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் மிஷினை எல்லோரும் வலது காலால் மிதிப்பார்கள், எனக்கு ஆரம்பத்திலிருந்தே இடது கால்தான் வாகு. அந்த மிதியிலிருந்து காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் ஊசி நிற்கும், ஊசி நின்றால் எனக்குப் பின்னால் தைக்கிற லைனே நிற்கும், லைன் நின்றால் சூப்பர்வைசர் வந்து தலைமாட்டில் நிற்பார். அதேபோல முழுசாக மிதிக்கவும் கூடாது. சீட்டின் விளிம்பில் வளைவு வரும் இடத்தில் முழு மிதி மிதித்தால் ஊசி பறந்து தையல் கோணிவிடும். பாதி மிதிக்க வேண்டும், அந்தப் பாதியிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரு தையல், இன்னொரு தையல் என்று ஊசியை நடக்க வைக்க வேண்டும். எங்கள் லைனில் வளைவு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அதே காலைத்தான் காரின் கிளட்ச் மேல் வைத்தேன், பிசியோதெரபிக்குப் போகும்போதும் தினமும் வேலைக்குப் போகும்போதும். எடுக்கவே இல்லை. ஒரகடம் நெரிசலில் லாரிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பாதி மிதித்து, அதிலும் பாதி விட்டு, வளைவு தைக்கிற மாதிரியே ஓட்டினேன். வண்டி குலுங்காது, நிற்காது. நேர் ரோட்டில் போகும்போதும் கால் மிதியின் மேலேயே சாய்ந்திருக்கும். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

இவர் இதைக் கவனித்திருக்க வேண்டும்தான். ஆனால் முதல் ஐந்து மாதம் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தபடிதான் வந்தார். முன்னால் வந்து உட்கார்ந்த பிறகும் ரோட்டைப் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் பேச்சுக் கொடுக்கமாட்டேன்.

ஒரு நாள் மணிமங்கலம் தாண்டும்போது மூக்கைச் சுளித்தார். "இன்னாடி நாத்தம் இது? எதுனா தீயற மாதிரி கீது."

"ரப்பர் கம்பெனி மாமா. காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது அன்றாடப் பேச்சு. பெயிண்ட் வாடை வந்தால் ஒரு திசை, எண்ணெய் வாடை வந்தால் இன்னொரு திசை, ரப்பர் வாடை வந்தால் வேறொரு திசை. எந்த வாடைக்கும் ஒரு கம்பெனி இருக்கும். அதனால் அவரும் ஒத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எரிந்தது எங்கள் கிளட்ச் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அதில் ஒருவர் ஒரு லட்சம் கிலோமீட்டர் பெருமைக்காரர்.

எட்டாவது மாதம் பிசியோதெரபி செய்கிற அம்மா இவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா பலம் வந்துடுச்சு. வீட்ல கார் இன்ஜினைப் போடாம, சும்மா உட்கார்ந்து கிளட்ச்சை மிதிச்சுப் பாருங்க. இருபது தடவை வலி இல்லாம மிதிக்க முடிஞ்சா வண்டி எடுக்கலாம்." திரும்பி வரும்போது இவர் கண்ணை மூடவில்லை. வழியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு தடவை மிதித்தார். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மூன்றாவது தடவை மிதி பாதியிலேயே நின்றுவிட்டது. தொடையைக் கையால் பிடித்து அழுத்திப் பார்த்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது எனக்கு ஜன்னல் வரைக்கும் தெரிந்தது.

உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார். "குட்துடலாம் வண்டிய" என்றார். நான் பேச வாயெடுத்தேன். "கால் செத்துப்போச்சுடி. இன்னும் இன்னாத்துக்கு வச்சிகினு?" என்று ஒரே சத்தம். அன்று மதியமே பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவருக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். இட்லியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. கொட்டவும் மனம் வராமல் சாயங்காலம் உப்புமாவாகக் கிளறினேன், அதையும் யாரும் தின்னவில்லை.

இது நடந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, விற்கப்போகிற காரில் கடைசியாக ஒரு முறை வேலைக்குப் போகலாம் என்று எடுத்தேன். ஒரகடம் மேம்பாலத்து ஏற்றத்தில் முன்னால் ஒரு டிரெய்லர் லாரி. நான் என் வழக்கப்படி பாதி மிதியில் வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். லாரி நகர்ந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் ஊரைக் கூட்டியது, வண்டி அசையவில்லை. அந்த ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. இப்போது காற்றின் மேல் பழி போட வழியில்லை, புகை என் காலடியிலிருந்தே வந்தது.

ஷிப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்த நாலு பேர் வண்டியைப் பின்பக்கமாக உருட்டி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களே ஒரு மெக்கானிக்குக்கும் போன் போட்டார்கள். ஒரகடத்தில் ஷெட் வைத்திருக்கும் தெற்கத்திக்காரர் அவர், திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவர் சீட்டில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல கிளட்ச்சா இருந்தா இப்ப இன்ஜின் ஆஃப் ஆகியிருக்கணும்க்கா. பிளேட்டு முடிஞ்சு போச்சு பாத்துக்கிடுங்க" என்றார். பிறகு இரண்டு தடவை மிதித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னக்கா இது, மிதி கல்லு மாதிரில்லா இருக்கு. இதையா தெனமும் மிதிச்சிய?"

"எல்லாக் காரும் இப்படித்தான தம்பி இருக்கும்?" என்றேன். எனக்கு வேறு கார் தெரியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்த மிதியை இருபது வருடம் மிதித்துப் பழகிய கால் கண்டுகொள்ளவே இல்லை.

அவர் காரைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப் போனதும், அங்கே எண்ணெய் மாற்ற வந்து நின்ற இதே மாடல் கார் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு, "இதுல உக்காந்து மிதிச்சுப் பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். வழக்கமான பலத்தோடு மிதித்தேன். மிதி அடி வரைக்கும் போய், கால் தரையில் இடித்தது. திரும்பவும் மிதித்தேன். தலையணையை மிதிக்கிற மாதிரி இருந்தது.

"பிளேட்டு தேயத் தேய மிதி கனக்கும்க்கா. உங்க வண்டிய மிதிக்க நல்ல கால் உள்ளவனே திணறுவான்" என்றார்.

நல்ல கால் உள்ளவனே. அந்தக் கார் சீட்டில் உட்கார்ந்தபடியே நான் அழுதேன். என் வீட்டுக்காரர் கால் சாகவில்லை. அவர் காலில் ஒரு குறையும் இல்லை. சாகடித்தது நான், அதுவும் கிளட்ச்சை. சந்தோஷம் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு பக்கம், என் கெட்டிக்கார இடது காலை என்ன செய்யலாம் என்று ஆத்திரம். மெக்கானிக் பதறிப்போய், "ஐயோ, இதுக்குப் போய் அழுவாங்களாக்கா, கிளட்ச்சுதான, நாளைக்கே மாத்திருதேன்" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவரிடம் எதையும் உடைக்கவில்லை. ஒரு தடவை நம்பி ஏமாந்த மனுஷரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை, கால்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "வண்டி ஷெட்ல நிக்குது மாமா, நாளைக்கு நீ வந்து பாத்தாதான் ஆவும்" என்று மட்டும் சொன்னேன். "விக்கப்போற வண்டிக்கு வைத்தியம் ஒரு கேடா" என்று முனகினார். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் கூடவே வந்தார். தன் காரை வேறு ஆள் கழற்றினால் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது, அது எனக்குத் தெரியாதா.

புது பிளேட் மாட்டி முடித்திருந்தார்கள். "அண்ணாச்சி, ஒரு தடவ மிதிச்சு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார் மெக்கானிக். இவர் என்னை முறைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தார். காலைத் தூக்கி மிதியில் வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மிதித்தார்.

மிதி அடி வரைக்கும் போனது. இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார், யாருடையதோ என்பது போல. மறுபடி மிதித்தார். "ரெண்டு" என்றேன் நான். "மூணு" என்றார் மெக்கானிக், விஷயம் புரியாமலே. பதினான்கு வரை நிற்காமல் போனார். பதினைந்தில் முழங்கால் லேசாக நடுங்கியது. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பதினாறு, பதினேழு. இருபது ஆனதும் நிறுத்தாமல் இருபத்தொன்று மிதித்தார். அந்த ஒன்று யாருக்கென்று நான் கேட்கவில்லை.

இறங்கியதும் அவர் கேட்டது பழைய பிளேட்டைத்தான். மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். தேய்ந்து, அப்பளம் மாதிரி மெலிந்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு டிரைவர் கோபம் வந்துவிட்டது. "எவன் ஓட்னது இத்த?"

மெக்கானிக் தொலையாத ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.

"நான்தான் மாமா" என்றேன். "மிஷின்ல வெக்கிற மாதிரியே கால வெச்சிகினு இருந்துட்டேன். எடுத்தா லைன் நின்னுடும்னு பழகிப்போச்சு." சொல்லும்போதே ஷெட்டின் சிமெண்ட் தரையில் என் கால் அந்தப் பாதி மிதியை மிதித்துக் காட்டியது. அதை நிறுத்தவும் முடியவில்லை.

இவர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்த மிஷின் மிதிலதான எட்டு மாசமா நம்ப வூட்ல சோறு" என்றார். பழைய பிளேட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா இன்னும் முப்பதாயிரம் ஓடியிருக்கும்டி. வயிறு எரியுது" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஷெட்டிலிருந்து வீடு வரை நாலு கிலோமீட்டரையும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில். வழிநெடுக வகுப்பு. சிக்னலில் நின்றால் நியூட்ரல் போட்டுவிட்டுக் காலைத் தரையில் வை. ஏற்றத்தில் வண்டியைப் பிடிக்க பிரேக் இருக்கிறது, கிளட்ச்சால் பிடிக்காதே. கியர் மாற்றியதும் காலை முழுசாக எடு, அது உன் மிஷின் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புது கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்டால், "எடுக்கத் தெரிஞ்ச காலுக்கு ஒன்னரை லட்சம் கூட வரும், உன் காலுக்கு இன்னா சொல்றது" என்றார். பிறகு நான் ரெக்ஸின் துண்டு வாங்கி, பஞ்சு வைத்து, கிளட்ச்சுக்கு இடது பக்கம் கால் வைக்க ஒரு சின்ன மெத்தை தைத்துப் போட்டேன். நான்கு ஓரத்திலும் வளைவு. காலுக்குத் தன் இடம் இன்னதென்று தெரிந்தால் மிதிக்குப் போகாது என்று என் கணக்கு. இன்றுவரை பாதி நாள் பலிக்கிறது.

இந்தக் கூத்தில் புரோக்கருக்கு வர வேண்டாம் என்று சொல்ல இருவருமே மறந்துபோனோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் பையும் கண்ணில் கூலிங் கிளாசுமாக வாசலில் வந்து நின்றார். அந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறார், பாவம். இவர் வெளுத்த சட்டையோடு வெளியே வந்தார். ஆணியிலிருந்து எடுத்த சாவி கையில் இருந்தது.

"வண்டி குடுக்கறதா இல்ல. மன்னிச்சுக்க" என்றார். "வெயில்ல வந்துட்ட. ஏறு, படப்பை பஸ் ஸ்டாண்ட்ல உட்டுடறேன்."

புரோக்கர் ஒன்றும் புரியாமல் ஏறினார். நான் கதவருகே நின்றேன். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு கியருக்குப் பிறகும் இன்ஜின் இரைச்சல் சட்டென்று அடங்கி வண்டி இழுத்துக்கொண்டு போனது. கிளட்ச்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டார் என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.